சபைக்குக் காசு எந்த வழியால வந்தா எங்கட வாய்க்கால் ஓடும்?

போன கிழமை யாழ்ப்பாணத்தில எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில ஒரு சின்னக் கூட்டம், அடுத்த வருசப் பாதீட்டுக்கு ஊராக்களிட்ட முன்மொழிவு தாங்கோ எண்டு உள்ளூராட்சிச் சபையால கேட்டிருந்தவை, அதுக்காகத்தான். வழமை மாதிரி எல்லாரும் தங்கட தங்கட ஒழுங்கைக்கு லைற் வேணும், கிறவல் வேணும், மதகு வேணும் எண்டு சொல்லிக்கொண்டு போக, பென்சன் எடுத்த ஒரு அண்ணை, முந்திக் கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில, கணக்குப் பகுதியில இருந்தவர், "உதெல்லாம் எழுதுங்கோ தம்பி, எழுத வேண்டாம் எண்டு சொல்லேல்ல, ஆனா காசு எந்தப் பக்கத்தால வருதெண்டு தெரியாம மதகு கேட்டு என்ன செய்யப் போறியள்" எண்டு கேட்டார். ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல. கடைசியில மாகாணத்துக்கும் ஒரு கடிதம் போடுறதெண்டு முடிவாச்சு, சபைகளுக்குக் காசு குடுக்கிற முறையை இப்பிடி மாத்துங்கோ எண்டு. எந்த முறையைக் கேக்கிறது எண்டதிலதான் இழுபறி. கடிதம் எழுதுற வேலை என்ர தலையில விழுந்தபடியா, ஒவ்வொரு வழியையும் எனக்கு விளங்கினபடி இதில எழுதிப் பாக்கிறன்.

முதல்ல எது ஆற்ற எண்டு தெரியவேணும். ஏ, பி றோட்டுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி றோட்டுகள் மாகாண வீதித் திணைக்களத்துக்கு, மிச்சம் இருக்கிற ஒழுங்கை, குச்சொழுங்கை, வெள்ளவாய்க்கால், சந்தை, சுடலை, குப்பை, தெரு லைற் எல்லாம் சபைக்கு. படலையைத் திறந்து கால் வைக்கிற இடமெல்லாம் சபையின்ர, ஆனா காசு கொழும்பில. யாழ் மாவட்டத்தில 17 சபை இருக்கு, யாழ்ப்பாணம் மாநகர சபை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி எண்டு மூண்டு நகர சபை, மிச்சம் 13ம் பிரதேச சபை. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால வந்தவை, அதே வருசம்தான் அரசியலமைப்பின்ர 13ஆம் திருத்தமும் வந்து உள்ளூராட்சி மாகாணத்துக்குக் கீழ போனது.

மாகாணத்துக்கெண்டு பெரிய வருமானம் ஒண்டும் இல்லை. 2011இல மாகாணங்கள் அறவிட்ட புரள்வு வரியை எடுத்துப்போட்டு, அதுக்குப் பதிலா தேசக் கட்டுமான வரியில மூண்டில ஒரு பங்கு தாறம் எண்டு குடுத்தவை, பிறகு 2019 டிசம்பரில அந்த வரியையே ஒழிச்சாச்சு. அதால நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்து, திறைசேரி விடுவிச்சு, மாகாணம் வாங்கி, சபைக்குப் பிரிச்சு எண்டு வாற நன்கொடைதான் பிரதானம். சபையின்ர நிரந்தர ஊழியற்ற சம்பளத்தில பெரும்பங்கும் அந்த வழியாலதான். இதில இன்னொரு சிக்கல், வடமாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில ஒருக்காத்தான் தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரோட காலம் முடிஞ்சு அதுக்குப் பிறகு ஆளுநரும் அதிகாரிகளும்தான். பிரதேச சபைகளும் 2023 மார்ச்சில கலைஞ்சு, 2025 மே 6 தேர்தல் நடக்கும் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு மேல செயலாளர்மார்தான் நடத்தினவை. அந்த நேரம் காசு வந்ததோ வரேல்லையோ எண்டு கேக்கிறதுக்கு வட்டார உறுப்பினர் எண்டு ஒரு ஆள் கூட இல்லை.

சரி வழியளுக்கு வருவம்.

எங்கட சனத்துக்கு நல்லாப் பழக்கமானது எம்பிமார்ற காசு. பன்முகப்படுத்தப்பட்ட நிதி எண்டு 1974இல தொடங்கினது, எம்பி கையெழுத்து வைச்சா பிரதேச செயலகத்தால வேலை நடக்கும். அதோட அந்தந்த அரசாங்கம் தொடங்கிற திட்டங்களையும் சேர்க்கலாம், 2018இல கம்பெரலிய, 2020இல ஒவ்வொரு கிராமசேவகர் பிரிவுக்கும் 2 மில்லியன் எண்டு சப்ரிகமக். இதில நல்லது என்னெண்டா கெதி. ஆளைத் தெரிஞ்சா அலுவல் நடக்கும், கோயில் வீதி ஒரு மாசத்தில தார் ஆகும். கெட்டது, ஆளைத் தெரியாத ஊருக்கு ஒண்டும் இல்லை. அதைவிட எங்களுக்கு இன்னொரு நட்டம் இருக்கு, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல 9 எம்பி, 2015இல 7, 2024இல 6. சனம் வெளிநாடு போகப் போக ஆசனம் குறையுது, ஆசனம் குறைய எம்பி வழியால வாற காசும் குறையும், ஆனா ஒழுங்கையும் வாய்க்காலும் அதே நீளத்திலதான் கிடக்கு.

எங்கட ஊர்க் கதையையே சொல்லுறன். ஒழுங்கை மூலையில ஒரு மதகு, ஒரு திட்டத்தின்ர காசில கட்டினது. மதகு மூண்டடி எண்டா பேர்ப்பலகை நாலடி. கட்டினது பிரதேச செயலகத்தால, பராமரிக்க வேண்டியது சபை, சபையைக் கேட்டா உது எங்கட சொத்துப் பதிவில இல்லை எண்டினம், பிரதேச செயலகத்தைக் கேட்டா கட்டி ஒப்படைச்சாச்சு எண்டினம். ஒப்படைச்ச கடுதாசி எங்கயெண்டு ரெண்டு இடத்திலயும் தேடினது, இண்டைக்கும் தேடுப்படுது. 2024 நவம்பர் வெள்ளத்தில அந்த மதகுக்குள்ள போத்திலும் பொலித்தீனும் அடைச்சு, தண்ணி திரும்பி மூண்டு வீட்டுக் கிணத்துக்குள்ள போனது. அதுக்குப் பிறகு டிசம்பரில யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சல் வந்து சனம் செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மதகு கட்டக் காசு இருந்தது, அதுக்குள்ள இருக்கிற குப்பையை அள்ளக் காசு இல்லை. இந்த ஒரு விசயத்தைத்தான் நான் எல்லா வழியிலயும் உரசிப் பாக்கிறன், எந்த முறையில வந்தா அள்ளுற காசும் வரும் எண்டு.

ரெண்டாவது வழி சூத்திரம். ஆளைப் பாக்காம, சனத்தொகை, பரப்பளவு, றோட்டு நீளம், வறுமை எண்டு ஒரு கணக்கை வைச்சு ஒவ்வொரு சபைக்கும் உனக்கு இவ்வளவு எண்டு வருசத் தொடக்கத்திலயே சொல்லிப்போடுறது, எதுக்குச் செலவழிக்கிறதெண்டதைச் சபை தீர்மானிக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கணக்கை எப்பிடிப் போடுறம் எண்டதிலதான் முழுச் சண்டையும் இருக்கு. சும்மா ஒரு உதாரணத்துக்கு, 100 மில்லியன் ரூபா, மூண்டு சபை, பட்டினப் பக்கச் சபையில 60,000 சனம், கிராமச் சபையில 30,000, தீவுச் சபையில 4,000 எண்டு வைப்பம். சமனாப் பிரிச்சா ஒரு சபைக்கு 33.3 மில்லியன், பட்டினச் சபை கத்தும். தலைக்கணக்கில பிரிச்சா 63.8, 31.9, தீவுக்கு வெறும் 4.3. தீவுக்குச் சீமெந்தும் கல்லும் வள்ளத்தில ஏத்திப் போகவேணும், இஞ்ச ஒரு லோட் கல்லுக்குக் குடுக்கிற காசு அங்க இறக்கிற கூலிக்கே போயிடும், நெடுந்தீவு ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. நாப்பது வீதத்தைச் சமனாவும் அறுபது வீதத்தைத் தலைக்கணக்கிலயும் பிரிச்சா 51.6, 32.5, 15.9 எண்டு வரும். எனக்கு இது ஓரளவு நியாயமாப் படுது. பட்டினச் சபைக்குத்தான் வீடு கட்டடத்துக்கு எடுக்கிற சோலைவரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை எண்டு வேற வருமானமும் இருக்கே.

இதில எங்கட இடத்துக்கெண்டு பாக்கவேண்டியது ரெண்டு. ஒண்டு, எந்த வருசத் தலைக்கணக்கு. யாழ் மாவட்டத்தில 1981இல 7 லட்சத்துக்கு மேல இருந்த சனம் 2012 கணக்கெடுப்பில 5 லட்சத்து 83 ஆயிரம் சொச்சம். தலையை மட்டும் எண்ணினா இடம்பெயர்ந்து போனதுக்கும் சேர்த்துத் தண்டம் கட்டுற மாதிரி. மற்றது வலிகாமம் வடக்கு மாதிரி இடங்கள், 1990இல இருந்து ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயத்துக்க போன காணியில சோலைவரியும் இல்லை, கடையும் இல்லை, விட்ட காணியில பத்தையை வெட்டி ஒழுங்கை எங்க இருந்ததெண்டு தேடிப் பிடிக்கிறதில இருந்து வேலை தொடங்கோணும். உதுக்கெண்டு சூத்திரத்தில ஒரு புள்ளி கூடக் குடுக்கவேணும், அது சலுகை இல்லை, செலவு உண்மையில கூட.

சூத்திர முறைக்கு நல்ல உதாரணம் கேரளம். அங்க 1996இல மக்கள் திட்டம் எண்டு தொடங்கி, மாநிலத் திட்டக் காசில 35 தொடக்கம் 40 வீதம் வரைக்கும் உள்ளூராட்சிக்கெண்டு ஒதுக்கினவை. அதைவிட எனக்குப் பிடிச்சது ரெண்டு விசயம். மாநில பட்ஜெட்டோட ஒரு பின்னிணைப்பு வரும், எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு எண்டு பேரோட அதில இருக்கும், பட்ஜெட் வாசிச்ச அண்டைக்கே ஊராக்கள் தங்கட தொகையைப் பாக்கலாம், ஆரையும் போய்ச் சந்திக்கத் தேவையில்லை. மற்றது, அபிவிருத்திக் காசு வேற, பொதுச் செலவுக் காசு வேற, பராமரிப்புக் காசு வேற எண்டு மூண்டாப் பிரிச்சு வருது. பராமரிப்புக்கெண்டே தனி! இஞ்ச எங்கட மதகுக் கதையோட வைச்சுப் பாத்தா இதுதான் முழு வித்தியாசமும். அதுக்காகக் கேரளத்தில எல்லாம் திறம் எண்டு சொல்ல வரேல்ல, அங்கயும் வருசக் கடைசியில காசு முடிக்கிற ஓட்டம் இருக்கு, ஆனா கேக்கிறவனுக்குக் கையில ஒரு இலக்கம் இருக்கு.

வருசக் கடைசி எண்டோடன இதையும் சொல்லிப்போடுறன். எங்கட நிதி வருசம் ஜனவரி தொடக்கம் டிசம்பர். ஒதுக்கீடு எண்டு கடுதாசி வரும், காசு பிந்தித்தான் வரும், கேள்விக் கோரல், அதுதான் ரெண்டர், முடிஞ்சு கொன்ட்ராக் குடுக்கப் புரட்டாதி ஐப்பசி ஆயிடும், சரியா மாரி தொடங்கிற நேரம். டிசம்பர் 31க்குள்ள முடிக்காட்டிக் காசு திரும்பிப் போயிடும். அதால மழைக்க கிறவல் பறிச்சு, மழைக்க உருட்டி, தை பிறக்கேக்க அது வாய்க்காலுக்க கிடக்கும். காசு குடுக்கிற முறையை மாத்திறம் எண்டு சொல்லிப்போட்டு இந்த நாள்க்கணக்கை மாத்தாட்டி எந்தச் சூத்திரமும் உதவாது. முடியாத வேலையின்ர காசை அடுத்த வருசம் சித்திரை வரைக்கும் கொண்டு போக விடவேணும், வன்னியிலயும் சரி இஞ்சயும் சரி மாசி தொடக்கம் ஆவணிதான் றோட்டு வேலைக் காலம். கடிதத்தில இதை நான் கட்டாயம் போடுவன், ஒருத்தரும் எதிர்க்கவும் இல்லை.

மூண்டாவது வழி, பெறுபேறு பாத்துக் குடுக்கிறது. இதை நாங்கள் கண்ணால கண்டனாங்கள், உலக வங்கியின்ர நெல்சிப் திட்டம், 2010இல ஒப்புதலாகி வடக்கு கிழக்குப் பிரதேச சபைகளுக்கு வந்தது, உள்வீதி, சந்தை, நூலகம், மதகு எண்டு கனக்க வேலை நடந்தது. பிறகு 2019இல உள்ளூர் அபிவிருத்தி உதவித் திட்டம் எண்டு வடக்கு, கிழக்கு, வடமத்தி, ஊவா நாலு மாகாணத்துக்கும். இந்த முறையில சபை கணக்கு ஒழுங்கா முடிச்சிருக்கோ, பாதீட்டை நேரத்துக்கு நிறைவேத்தினதோ, சனத்தைக் கூட்டிக் கேட்டதோ எண்டெல்லாம் பாத்துக் காசு. வேலை நடக்கிற இடத்தில தொகையைப் பலகையில போடோணும். நெல்சிப் காலத்தில எங்கட பக்கத்து ஊரில ஆக்கள் எஸ்டிமேற்றைக் கையில வைச்சுக்கொண்டு கொங்கிறீற் தடிப்பை அளந்தவை, நானும் ஒருக்காப் போய் நிண்டு பாத்தனான், கொன்ட்ராக்காரற்ற முகத்தைப் பாக்கோணும்.

ஆனா இதில ரெண்டு குறை. ஆள் பலமுள்ள சபைதான் புள்ளி எடுக்கும். ரெக்னிக்கல் ஒபிசர் ஒருத்தரை ரெண்டு மூண்டு சபை பங்கு போடுற இடத்தில, பாரம் நிரப்பவே ஆள் இல்லை, அப்ப பின்தங்கினவன் பின்னுக்கே நிப்பான். பள்ளிக்கூடத்தில கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டும் கொப்பி குடுக்கிற மாதிரி. மற்றது திட்டம் முடிய எல்லாம் முடிஞ்சுது. வங்கிக்காரர் போன பிறகு பலகையும் இல்லை, அளக்கிறவையும் இல்லை. அதால இதை அடிப்படைக் காசா வைக்கேலாது, மேல போடுற கொசுறா வைக்கலாம்.

நாலாவது, எங்கட காசை நாங்களே கட்டுறது, சோலைவரி. இதைக் கூட்டத்தில சொன்னோடன ரெண்டு பேர் எழும்பிப் போட்டினம், உண்மையாத்தான். சட்டப்படி வீட்டின்ர வருடாந்தப் பெறுமதியில இத்தினை வீதம் எண்டு கட்டுறது, முழு வருசத்துக்கும் ஜனவரி 31க்கு முதல் கட்டினா 10 வீதம் கழிவும் இருக்கு. பிரச்சினை என்னெண்டா பெறுமதி மதிச்ச காலம். எனக்குத் தெரிஞ்ச ஒரு மூண்டு மாடி வீடு, மாபிள் போட்டு, கேற்றுக்கு மோட்டர் போட்டு, அவையள் ஒரு வருசம் கட்டுற சோலைவரி அந்த வீட்டுப் பிள்ளையின்ர ஒரு மாச ரியூசன் காசுக்கும் காணாது. மதிப்பை ஒழுங்காப் புதுப்பிச்சா பட்டினச் சபைகள் கொஞ்சம் நிமிரும். கிராமப் பக்கத்தில கட்டடம் செறிஞ்ச பகுதியெண்டு பிரகடனப்படுத்தின இடத்தில மட்டும்தான் சோலைவரி எடுக்கலாம், தோட்டக் காணிக்கு ஏக்கர்வரி, அது வாங்கிற செலவுக்கும் காணாத காசு.

காணி வித்தா வாற முத்திரைத் தீர்வையையும் இதோட பாக்கோணும். முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், மாகாணம் அறவிட்டு அந்தந்தச் சபைக்குக் குடுக்கும். நல்லூர்ப் பக்கத்தில ஒரு பரப்புக் காணி போற விலைக்கு ஒரு உறுதி முடிஞ்சாலே சபைக்கு நல்ல காசு. ஊர்காவற்துறையிலயோ நெடுந்தீவிலயோ ஆர் காணி வாங்கினம்? அப்ப இருக்கிற இடத்துக்குத்தான் சேரும். சோலைவரி வேணும், நான் அதுக்கு ஆதரவு, வரி கட்டினவன்தான் வந்து நிண்டு கேள்வி கேப்பான், இலவசமா வந்த மதகை ஒருத்தரும் எட்டிப் பாக்கிறேல்ல. ஆனா இதை மட்டும் நம்பினா தீவுப்பகுதி தாண்டுபோகும்.

ஐஞ்சாவது, எங்கட பொருளாளற்ற விருப்பம், வெளிநாட்டுக் காசு. ஊர்ச்சங்கம் கனடாவில இருக்கு, லண்டனில இருக்கு, அவை ஒரு பங்கு போட மாகாணம் ஒரு பங்கு போடட்டும் எண்டுறார். தமிழ்நாட்டில நமக்கு நாமே எண்டு 1997இல தொடங்கினதும் உந்தச் சாயல்தான், சனம் மூண்டில ஒரு பங்கு போட்டா மிச்சத்தை அரசாங்கம் போடும். இஞ்சயும் 2021இல ஆரியகுளத்தைத் தனியார் நன்கொடையிலதான் திருத்தினவை, இப்ப பின்னேரத்தில சனம் போயிருக்க ஒரு இடம் இருக்கு, அதைக் குறை சொல்லேலாது. ஆனா மாகாண அளவில இதை ஒழுங்காக்கப் போனா கதை வேற, விக்னேஸ்வரன் வடமாகாண முதலமைச்சரா இருக்கேக்க வெளிநாட்டுக் காசை வாங்கக் கேட்ட முதலமைச்சர் நிதியத்துக்கு அவற்ற காலம் முடியும் வரைக்கும் அனுமதி கிடைக்கேல்ல.

அனுமதி கிடைச்சாலும் எனக்கு இதில தயக்கம். கனடாவில ஆக்கள் கூட இருக்கிற ஊருக்குத்தான் கூடக் காசு, அந்த ஊர் ஏற்கெனவே வசதியான ஊர், அதுக்கு மேல மாகாணமும் பங்கு போட்டா ஏழை ஊரின்ர பங்கையும் எடுத்து அங்கதான் போடுறம். அதோட அவைக்கு வரவேற்பு வளைவு பிடிக்கும், மணிக்கூட்டுக் கோபுரம் பிடிக்கும், மைதானத்துக்குப் பார்வையாளர் மண்டபம் பிடிக்கும். வெள்ளவாய்க்கால் துப்பரவாக்க எண்டு கேட்டா ஆர் காசு அனுப்புவினம், அதில பேர் வெட்டேலாதே. நான் அவையைப் பழிக்கேல்ல, தூரத்தில இருக்கிறவைக்குக் கண்ணுக்குத் தெரியிறதுதான் ஊர்.

கடனும் ஒரு வழிதான், உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம் எண்டு 1916இல இருந்து ஒண்டு இருக்கு, சபைகள் எடுக்கலாம். வாடகை வாற சந்தைக் கடைத்தொகுதிக்குச் சரி. வாய்க்காலுக்குக் கடன் எடுத்தா ஆர் கட்டுறது, அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

இப்ப எல்லாத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கேக்க, கெதியில எம்பி காசு முன்னுக்கு, கண்காணிப்பில பெறுபேற்று முறை முன்னுக்கு, பொறுப்பில சோலைவரி முன்னுக்கு, அழகில கனடாக் காசு முன்னுக்கு. ஆனா குப்பை அள்ளுற காசு வருமோ எண்டு உரசினா சூத்திரம் ஒண்டுதான் நிண்டு பிடிக்குது, அதுவும் பராமரிப்புக்கெண்டு ஒரு பங்கைத் தொடாம வைச்சாத்தான். அந்தக் கட்டுப்பாடு இல்லாமச் சபை கையில முழுக்காசையும் குடுத்தா தவிசாளரும் புதுசு கட்டிப் பலகை போடத்தான் பாப்பார், எம்பி செய்ததை இவர் செய்வார், ஆள்தான் மாறும்.

அதால கடிதத்தில நான் எழுதி வைச்சிருக்கிறது இது: மாகாணத்தால சபைகளுக்கு வாற மூலதனக் காசில பெரும்பங்கைச் சூத்திரத்தில பிரியுங்கோ, நாப்பதுக்கு அறுபது மாதிரி, தீவுக்கும் ஆமி விட்ட காணிக்கும் கூடுதல் புள்ளியோட, 17 சபையின்ர தொகையையும் ஜனவரியிலயே பேப்பரில போடுங்கோ. அதில நாலில ஒரு பங்கு பராமரிப்புக்கு மட்டும், ஏற்கெனவே இருக்கிற மதகு, வாய்க்கால், லைற்றுக்கு. கணக்கு ஒழுங்கா முடிச்ச, சோலைவரி மதிப்பைப் புதுப்பிச்ச சபைக்கு மேலதிகமா ஒரு சின்னத் தொகை. ஆள் இல்லாத சபைக்கு முதல் ரெக்னிக்கல் ஒபிசரைக் குடுத்துப்போட்டு அதுக்குப் பிறகு புள்ளி போடுங்கோ. ஆர் காசில கட்டினாலும், எம்பியோ திணைக்களமோ கனடாவோ, கட்டி முடிய சபையின்ர சொத்துப் பதிவில ஏத்தின பிறகுதான் கடைசிப் பில் விடுபடோணும். இந்தக் கடைசி வசனம் அந்தப் பென்சன் அண்ணை சொல்லிச் சேர்த்தது, இவ்வளவு வருசம் பில் பாஸ் பண்ணின ஆளுக்குத்தான் எந்த இடத்தில பிடிச்சா ஆக்கள் ஓடி வருவினம் எண்டு தெரியும்.

நாலில ஒரு பங்கு எண்டது என்ர கணக்கு, கூடவோ குறையவோ எண்டு இன்னும் கதைக்கலாம். இருபது வீதம் காணும் எண்டு சிலர், புது வேலை குறைஞ்சு போனா சனம் ஏசும் எண்டு எங்கட வட்டார உறுப்பினர். அவர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு, அவருக்கு அடுத்த தேர்தலில வாய்க்கால் துப்பரவாக்கினன் எண்டு சொல்லி வோட்டுக் கேக்கேலாது.

கடிதம் இன்னும் கையெழுத்தாகேல்ல. கனடாக் காசுக்கும் ஒரு பந்தி சேர்க்காட்டித் தான் கையெழுத்து வைக்கன் எண்டு பொருளாளர் நிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கூடுறம். நேற்று மதகைப் பாக்க ரெக்னிக்கல் ஒபிசர் வந்தவர், தண்ணி இதால போய் எந்தக் குளத்தில விழுதெண்டு கேட்டார், நிண்ட ஆறு பேரும் ஆறு குளம் சொன்னம். அதையும் அண்டைக்கு நடந்து பாக்கிறதெண்டு இருக்கு, வாறவை செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ.